இருபத்துமூன்று டிகிரி வத்தல்

கோவில்பட்டி புறவழிச்சாலை ஓரத்தில் இருக்கும் கரிசல் வட்டார நெகிழிப்பொருள் தர மையத்துக்குள் வருடம் முழுவதும் வெப்பநிலை இருபத்துமூன்று டிகிரி. மார்கழியிலும் இருபத்துமூன்று, சித்திரையிலும் இருபத்துமூன்று. மின்சாரம் போனால் ஊரே வாசலுக்கு வந்து முந்தானையால் விசிறிக்கொள்ளும்; மையத்தில் மட்டும் ஜெனரேட்டர் அலறும். ஏன் என்று கேட்டால், கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் விதியைக் காட்டுவார்கள். எந்த பிளாஸ்டிக் பொருளானாலும் இருபத்துமூன்று டிகிரியில் நாற்பது மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் சோதிக்க வேண்டும்.

விதியில் குற்றமில்லை. எல்லா ஊரிலும் ஒரே சூட்டில் அளந்தால்தான் ஒன்றோடு ஒன்றை ஒப்பிட முடியும். ஆனால் பத்து வருடமாக அந்தக் குளிருக்குள்ளேயே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டதில் மையத்து அதிகாரிகளுக்கு ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. உலகத்தின் வெப்பநிலை இருபத்துமூன்றுதான், கதவுக்கு வெளியே அடிப்பது ஏதோ நிர்வாகக் கோளாறு என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

நாகலாபுரத்துக்கு மேற்கே மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசலில் மிளகாய் போட்டிருந்த மாடக்கண்ணுவுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது மிளகாய். பழம் பறித்து, இரண்டு நாள் அம்பாரமாகக் குவித்து மூடி வைத்தால் நிறம் ஒன்றுபோல் ஏறும். பிறகு களத்தில் பரப்பி எட்டுப் பத்து வெயில் காட்டினால் வத்தல். ஈரத்தோடு நாலு நாள் கிடந்தால் பூஞ்சணம் பிடித்து வெளுத்துச் சண்டாகிவிடும். சண்டு வத்தலை வியாபாரி கையாலும் தொட மாட்டார். இரண்டு வருடம் மழை ஏமாற்றி, மூன்றாம் வருடம் செடி நின்று காய்த்திருந்தது. வீட்டில் எல்லாப் பேச்சும் "வத்தல் போட்ட பிறகு பாத்துக்கிடலாம்" என்றே முடிந்துகொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துத் திட்டம் வந்தது. 'சூரியக் கூடார உலர்த்தி' என்று பெயர். கம்பி வளைவுகளின் மேல் கனமான பிளாஸ்டிக் தாள் போர்த்திய ஒரு கூடாரம், உள்ளே அறுபது தட்டுகள். வெயில் உள்ளே போகும், சூடு வெளியே வராது, மூன்றே நாளில் மிளகாய் காயும். தொடக்க விழாவுக்கு மையத்தின் இயக்குநர் முனைவர் வேணுகோபால் வந்தார். ஒரு தட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். கண்ணாடி போல இருந்த அந்தத் தட்டு வழியாக அவர் முகம் முழுதாகத் தெரிந்தது.

"இது சாதாரண பிளாஸ்டிக் அல்ல, விவசாயப் பெருமக்களே. மக்காச்சோளத்திலிருந்து எடுத்த பாலியெஸ்டர். எங்கள் மையத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு மதிப்பெண் பெற்றது. என் மகன்கூட அவ்வளவு வாங்கியதில்லை."

கைதட்டல் அடங்கியதும் மாடக்கண்ணு எழுந்தார். "பாலியஸ்டர்னா சட்டத் துணி இல்லியா சார்?"

"அதே குடும்பம்தான். சட்டை, தண்ணீர் பாட்டில், இந்தத் தட்டு, எல்லாம் அண்ணன் தம்பிகள்."

"எங்கிட்ட ஒரு பாலியஸ்டர் சட்ட இருந்துச்சு. இஸ்திரி போடயில சூடு கூடிப் போயி பெட்டியோட ஒட்டிக்கிட்டு வந்துட்டு. இது வெயிலுக்குத் தாங்குமா சார்?"

மேடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். இயக்குநர் பெருந்தன்மையாக, "தட்டுக்கு யாரும் இஸ்திரி போடப் போவதில்லை" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

பிறகு உறுதிமொழிப் படிவம் வந்தது. களத்திலோ, தார் ரோட்டிலோ, மொட்டைமாடியிலோ மிளகாய் காயப்போட மாட்டேன். மையம் அங்கீகரித்த தட்டில் மட்டுமே உலர்த்துவேன். மீறினால் பயிர்க் காப்பீடு உள்பட எந்த அரசு உதவியும் கேட்க மாட்டேன். மாடக்கண்ணு கையெழுத்துப் போட்டார். அவர் மனைவி செல்வமாரி, "காயப்போடுததுக்கு எதுக்கு சத்தியம் வாங்குதாவ?" என்று கேட்டாள். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது.

முதல் பறிப்பு சிறிய பறிப்பு. அறுபது தட்டிலும் பரப்பினார்கள். காலை பத்து மணிவரை எல்லாம் அழகாக இருந்தது. உச்சிப் பொழுதில் கூடாரத்துக்குள் தொங்கிய வெப்பமானி அறுபத்திரண்டு காட்டியது. தட்டுகள் ஒவ்வொன்றாக நடுவில் தொய்ந்து தொட்டிலாகின. மிளகாய் முழுக்க நடுப்பள்ளத்தில் சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறி வேர்த்துக் கிடந்தது. செல்வமாரி உள்ளே ஓடித் தட்டைத் தூக்கினாள். அது பச்சைத் தோசை மாதிரி அவள் கையில் மடிந்தது. சாயங்காலம் சூடு இறங்கியதும் எல்லாத் தட்டுகளும் அந்தக் கோணல் வடிவத்திலேயே கல்லாக இறுகிவிட்டன. களத்தில் போடலாம் என்றால் உறுதிமொழி பயமுறுத்தியது. அப்படியும் இப்படியும் யோசித்த நாலு நாளில் முதல் பறிப்பு சண்டாகிக் குப்பைக்குப் போனது.

மாடக்கண்ணு கோணிய தட்டு ஒன்றைத் துண்டில் சுற்றிக்கொண்டு மையத்துக்குப் பஸ் ஏறினார். வாசலில் டோக்கன் கொடுத்தார்கள். டோக்கன் அவருக்கு இல்லை, தட்டுக்கு.

"தட்டு நாற்பது மணி நேரம் ஓய்வெடுக்கணும். நாளான்னிக்கு வாங்க" என்றார் காவலாளி.

"நான் எங்கன இருக்கணும்?"

"உங்களுக்கு ஓய்வு விதி கிடையாது. வெளியே வேப்பமரம் இருக்கு."

தட்டு குளிரறையில் வெள்ளைத் துணி விரித்த மேசையில் ஓய்வெடுத்தது. மாடக்கண்ணு ஊருக்குப் போய்விட்டு இரண்டாம் நாள் திரும்பி வந்தார். அதற்குள் தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இயந்திரத்தில் மாட்டி இழுத்துப் பார்த்திருந்தார்கள். அறிக்கை தயாராக இருந்தது. இழுவிசைத் தாங்கல்: மிக நன்று. விறைப்பு: மிக நன்று. ஒளி ஊடுருவல்: மிகமிக நன்று. வடிவம்: நடுவில் குழிவு காணப்படுகிறது, குழிவான தட்டில் பொருள் சிந்தாது என்பதால் இது கூடுதல் சிறப்பு. முடிவு: தட்டு தேறியது.

அதைக் கையில் கொடுத்தவர் சோதனைக்கூட உதவியாளர் சுகுணா. அந்தக் கட்டடத்தில் வெயில் என்று ஒன்று உண்டு என ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தான். கயத்தாறிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவர். மாடக்கண்ணு அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது பொறுக்காமல் வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னார்.

"பாலியஸ்டர் உள்ளுக்குள்ள நீள நீள இழை அண்ணாச்சி. உருக்கி அச்சுல ஊத்தி சட்டுனு குளிர வச்சா, இழையெல்லாம் சிக்கு விழுந்த நூலு மாதிரி தாறுமாறாக் கெடக்கும். பாக்கப் பளபளன்னு கண்ணாடியா இருக்கும். ஆனா இந்தச் சோள பிளாஸ்டிக் அறுவது டிகிரிய நெருங்குனா அந்தச் சிக்கு இளகிரும், தட்டு வளைஞ்சிரும். அச்சச் சூடா வச்சு மெதுவா ஆற விட்டா, இழையெல்லாம் வரிசையா அடுக்காகி இறுகிரும். மங்கலா, பால் நெறத்துல இருக்கும். அது நூறு டிகிரி வரைக்கும் அசையாது."

"அப்பம் மங்கலா உள்ளத குடுத்திருக்கலாம்லா தாயி?"

"கம்பெனிக்காரங்க மொதல்ல அதத்தான் அனுப்புனாங்க. படிவத்துல ஒளி ஊடுருவலுக்கு பத்து மார்க்கு இருக்கு. மங்கலா இருக்குன்னு கழிச்சுட்டாங்க. சூடு தாங்குறதுக்கு கட்டமே இல்ல. அறுவது தட்டும் ஜெனரேட்டர் கொட்டாய்க்குப் பின்னால கெடக்கு."

மாடக்கண்ணு உள்ளே போய் இயக்குநரைப் பார்த்து, அந்தக் கழித்த தட்டையாவது கொடுங்கள் என்று கேட்டார். இயக்குநருக்கு மனம் நொந்துவிட்டது.

"மையம் நிராகரித்த பொருளை ஒரு விவசாயிக்குக் கொடுப்பதா? உங்களுக்கு நான் துரோகம் செய்ய மாட்டேன். நேரில் வந்து பார்க்கிறேன். குறை உங்கள் கூடாரத்தில்தான் இருக்க வேண்டும்."

வந்தார். இரண்டாம் பறிப்பு, அதாவது பெரிய பறிப்பு முடிந்து, நிறம் ஏறிய பழம் வேறு வழியில்லாமல் கோணல் தட்டுகளில் ஏறியிருந்த அன்று வந்தார். வருட வெள்ளாமையில் முக்கால்வாசி அந்தக் கூடாரத்துக்குள் இருந்தது. இயக்குநர் உள்ளே நுழைந்தார். இரண்டு நிமிடத்தில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உள்ளே மிகவும் சூடாக இருக்கிறது!" என்றார் கண்டுபிடித்தவர் குரலில்.

"டிரையரு சார்" என்றார் மாடக்கண்ணு.

"எவ்வளவு காட்டுகிறது?"

"அறுவத்தொண்ணு."

"அந்த வெப்பமானி ஐம்பது வரைதான் சரிபார்க்கப்பட்டது. அதற்கு மேல் அது சொல்வதெல்லாம் வதந்தி." கூட வந்தவர் குறித்துக்கொண்டார். இயக்குநர் வரப்பில் நின்று பேசத் தொடங்கினார். "தட்டு தன் கடமையைச் செய்யத் தயாராக இருக்கிறது. நீங்கள்தான் அதற்குத் தகுந்த சூழ்நிலையைத் தரவில்லை. இருபத்துமூன்று டிகிரியில் இந்தத் தட்டில் யானையை நிறுத்தலாம். கூடாரத்தை அந்தச் சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். மேலே பந்தல் போடுங்கள். ஈரச் சாக்கு போர்த்துங்கள்."

"வெயில் படாம மொளகா எப்படி சார் காயும்?"

"காய்வது மிளகாயின் வேலை. அது எங்கள் மையத்தின் வரம்புக்குள் வராது."

எழுத்து மூலமான உத்தரவு அன்று மாலையே வந்தது. சூரிய உலர்த்தியின் மேல் சூரியன் படாதபடி மாடக்கண்ணு தென்னங்கீற்றுப் பந்தல் போட்டார். சாக்கை நனைத்துப் போர்த்தினார். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊரில், மாடக்கண்ணு குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து மிளகாய் உலர்த்தியை நனைப்பதை வேலிக்கு வெளியே நின்று ஜனங்கள் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார்கள். உள்ளே வெப்பநிலை முப்பத்தொன்றுக்கு இறங்கியது. தட்டு இம்மியும் அசையவில்லை. மறுநாள் மத்தியானம் செல்வமாரி ஒரு பழத்தைக் கிள்ளி மூக்கருகில் வைத்துப் பார்த்தாள். புளித்த வாடை தொடங்கியிருந்தது.

"இன்னும் ஒரு நாளு இப்படிக் கெடந்தா இதுவும் சண்டு. இன்சூரன்சு வேணுமா, மொளகா வேணுமா?" என்று கேட்டாள்.

"ஏட்டி, கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"அங்கீகாரம் இல்லாத தட்டுன்னுதான சொல்லுவாவ. களத்துல ஒண்ணும் போடலியே. போயி அந்தக் குப்பத் தட்ட அள்ளிட்டு வாங்க. நான் பந்தலப் பிரிக்கேன்."

மினி லாரியோடு மாடக்கண்ணு மையத்துக்குப் போனார். தட்டு என்று கேட்டால் கிடைக்காது என்று சுகுணாவுக்குத் தெரியும். 'வளாகத் தூய்மைப் பணி: கழிவு அகற்றப்பட்டது' என்று ஒரு சீட்டு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். "கீழ போட்டா படக்குனு உடைஞ்சிரும், பாத்து எறக்குங்க அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார்.

பால் நிறத் தட்டுகளில் மிளகாய் பரப்பினார்கள். பந்தல் போனது, சாக்கு போனது. கூடாரம் அறுபத்துமூன்றுக்கு ஏறியது. தட்டு கல் மாதிரி நின்றது. புளித்த வாடை முதல் நாளிலேயே அடங்கியது. மூன்றாம் நாள் கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலத்தது. நிறம் நல்ல ரத்தச் சிவப்பு. மாடக்கண்ணு கூடாரத்துக்குள் வேர்த்து ஒழுக நின்று, காரணமில்லாமல் சிரித்தார். மூன்று வருடத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

நாலாம் நாள் இயக்குநர் பந்தலைப் புகைப்படம் எடுக்க வந்தார். பந்தல் இல்லை. தட்டு மங்கலாக இருந்தது. சாக்குகளில் வத்தல் இருந்தது. அவர் முகத்தில் ஒரு வருத்தம் படர்ந்தது. மகன் பரீட்சையில் பிட் அடித்து மாட்டிக்கொண்டால் வருமே, அந்த மாதிரி வருத்தம்.

"காஞ்சிட்டு சார். குலுக்கிப் பாருங்க" என்றார் மாடக்கண்ணு.

"குலுக்குவது அங்கீகரிக்கப்பட்ட முறை அல்ல. இது காய்ந்திருக்கலாம். ஆனால் உலர்த்தப்படவில்லை. நிராகரிக்கப்பட்ட தட்டில் நடந்த எதுவும் நடந்ததாகக் கொள்ளப்படாது. ஏட்டில் உங்கள் மிளகாய் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஏட்டுக்கும் சாக்குக்கும் முரண்பாடு இருக்கக் கூடாது." கொஞ்சம் யோசித்தார். "ஒரே வழிதான். இதை மறுபடி நனைத்து, அங்கீகரித்த தட்டில், இருபத்துமூன்று டிகிரியில் முறைப்படி உலர்த்த வேண்டும்."

செல்வமாரி சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டாள். பயனில்லை. உத்தரவோடு வந்த ஆட்கள் ஒன்பது சாக்கையும் மையத்துக்கு ஏற்றிப்போனார்கள். பின்முற்றத்தில் இருந்த சிமெண்டுத் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் நிரம்பிக்கொண்டிருந்தது. மாடக்கண்ணு தொட்டிக்கும் சாக்குக்கும் நடுவில் நின்றார். வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

நனைப்பதற்கும் ஒரு முறை உண்டல்லவா? பழைய ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் இப்போது எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் மாதிரியை அரைக்க வேண்டும். இரண்டு கிலோ வத்தலைக் குளிரறைக்குள் கொண்டுபோனார்கள். இயக்குநரும் நாலு அதிகாரிகளும் சுகுணாவும் உள்ளே இருந்தார்கள். மாடக்கண்ணுவும் செல்வமாரியும் வெளியே, கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.

அரவை இயந்திரம் பிளாஸ்டிக் துண்டுகளைத் தூளாக்குவதற்கானது. அதன் மூடி மையத்தின் பெருமை; அதே மக்காச்சோள பாலியெஸ்டரில், அதே பளபளப்போடு, தாங்களே வடிவமைத்தது. விதிப்படி பத்து நிமிடம் ஓட வேண்டும். சோதிக்க வந்தது பிளாஸ்டிக்கா மிளகாயா என்று விதி கேட்பதில்லை.

"சார், கத்தி ஓட ஓடச் சூடேறும். மூடி தாங்காது. ஒரு நிமிசம் போதும்" என்றார் சுகுணா.

இயக்குநர் சுவரில் இருந்த வெப்பமானியைக் காட்டினார். "அறை இருபத்துமூன்று டிகிரியில் இருக்கும்போது மூடி எப்படியம்மா சூடாகும்?"

சுகுணா துப்பட்டாவை மூக்கைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

ஏழாவது நிமிடம் மூடி நடுவில் தொய்ந்தது. எட்டாவது நிமிடம் விளிம்பு நழுவியது. பிறகு இரண்டு கிலோ கரிசல் வத்தலும் தூளாகக் கூரைக்குக் கிளம்பியது. நாலு மூலையிலும் இருந்த குளிர்சாதனங்கள் அதை உறிஞ்சி, எல்லாருக்கும் சமமாகப் பங்கிட்டு வீசின. ஜன்னல்கள் கிடையாது; இருபத்துமூன்று டிகிரி தப்பித்துப் போகக் கூடாதென்று அடைத்திருந்தார்கள். வாசலுக்கு இரட்டைக் கதவு. முதல் கதவு சாத்தி முப்பது வினாடி ஆன பிறகுதான் இரண்டாவது திறக்கும். ஒரு தடவைக்கு ஒருவர்தான் போகலாம். யார் முதலில் போவது என்பதில் பதவி மூப்பு பார்த்தார்கள்.

இயக்குநர் வெளியே வந்தபோது அவருக்குக் கண் தெரியவில்லை. நாற்பது டிகிரி வெயிலில், பத்து வருடத்தில் முதல் முறையாக வெறுந்தலையோடு ஓடி, மிளகாய் நனைக்க நிரப்பிய தொட்டிக்குள் கழுத்துவரை தலையை முக்கினார். அவர் பின்னால் மற்ற நாலு பேரும் முக்கினார்கள். கடைசியாக சுகுணா, மிஞ்சிய தூளின் ஈரத்தைக் கருவியில் அளந்துவிட்டு நடந்து வந்தார்.

"பத்து சதவீதந்தான் ஈரம் சார். நல்லாக் காஞ்சிருக்கு" என்றார். ஐந்து தலைகளும் மறுபடி தண்ணீருக்குள் போயின.

விசாரணைக் குழு மறுநாளே கூடியது. மூடியைத் தேடி எடுத்து, நாற்பது மணி நேரம் ஓய்வு கொடுத்து, இழுத்துப் பார்த்தார்கள். மூடி தேறியது. அப்படியானால் குற்றம் வேறெங்கோதான் இருக்க வேண்டும். மாடக்கண்ணுவுக்குப் பதிவுத் தபாலில் ஒரு குற்றப்பத்திரிகை வந்தது. 'தங்கள் மிளகாயின் காரம் இம்மையத்தின் தாங்குதிறனை மீறியுள்ளது. இரண்டு கிலோ மாதிரி, ஐந்து அலுவலர்களை மூன்று நாட்களுக்குச் செயலிழக்கச் செய்துள்ளது. நிறம் துணிகளில் ஏறி, பலமுறை துவைத்தும் அகலவில்லை. ஈரப்பதம் பத்து சதவீதம் மட்டுமே என்பதால் தூள் வெகுதொலைவு பரவியது. இத்தகைய அபாயகரமான சரக்கை நனைப்பது நீர்நிலைகளுக்குக் கேடு என்பதால் நனைப்பு உத்தரவு ரத்து செய்யப்படுகிறது. இருபத்துநாலு மணி நேரத்துக்குள் வளாகத்திலிருந்து அகற்றவும்.' கீழே இயக்குநர் கையெழுத்து, கொஞ்சம் நடுங்கியிருந்தது. வட்ட முத்திரை தெளிவாக விழுந்திருந்தது.

சாக்குகளை ஏற்றிக்கொண்டு நேராக வத்தல் வியாபாரி பூவனநாதன் கடைக்குப் போனார்கள். மாடக்கண்ணு உண்மையை மறைக்கத் தெரியாதவர். வாங்கியபின் வம்பு வரக் கூடாதே என்று கடிதத்தை முதலிலேயே நீட்டிவிட்டார். "நோட்டீசு வந்திருக்கு அண்ணாச்சி. நீங்க படிச்சிட்டு எடுக்கதுன்னா எடுங்க."

பூவனநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு தடவை படித்தார். எழுந்து, வெளிச்சத்துக்கு வந்து இன்னொரு தடவை படித்தார். சாக்கைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"நானும் முப்பது வருசமா மோந்து பாத்து, நாக்குல வச்சுப் பாத்துத்தான் சரக்கு எடுக்கேன். வடக்க உள்ள பார்ட்டி காரம் இருக்கா, நெறம் இருக்கா, ஈரம் எம்புட்டுன்னு கேட்டு உசிர வாங்குவான். இப்படி முத்திர குத்தி, அஞ்சு ஆபீசரு அழுது எழுதிக் குடுத்த சரக்க நான் பாத்ததே இல்ல" என்றார். "ஒன்பது சாக்கும் மொத நம்பர் சரக்கு. எறக்குங்கப்பா! அந்தக் காயிதத்த ஒம்போது நகல் எடுத்து சாக்குக்கு ஒண்ணா வச்சுத் தைங்க."

செல்வமாரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாக்குகள் இறங்கி முடியும்வரை மாடக்கண்ணு எதையும் நம்பாமல் நின்றுகொண்டிருந்தார்.

"செடியில இன்னும் ஒரு பறிப்பு நிக்குதுல்லா?" என்று கேட்டார் பூவனநாதன். "அதுக்கும் இதே மாதிரி ஒரு நோட்டீசு வாங்கிட்டு வந்திரு."

"நம்ம போயி வாங்கணுமா அண்ணாச்சி?" என்றார் மாடக்கண்ணு. "கேக்காமலே அனுப்புவாவ."